சூடானதும் நிற்கும் மரம் அறுக்கும் மெஷின்: பிஸ்டன் செட் வாங்கலாமா?

மெஷின் சூடானதும் நிற்கிறது, ஸ்டார்ட் செய்யும் கயிறும் லேசாக வருகிறது, பிஸ்டன் செட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வாங்காதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கையும் சைலன்சரையும் கழற்றுங்கள். 12 வருடம் உழைத்த உங்கள் ஸ்டில் எம்எஸ் 250 மெஷினுக்குச் செலவு செய்யலாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

புகை வெளியேறும் துவாரத்தில் டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுங்கள். பிஸ்டனின் பக்கவாட்டு வழுவழுவென்று இருந்தால் நல்ல செய்தி: கார்புரேட்டர் டயாபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு), பெட்ரோல் ஓஸ், பில்டரோடு முடியலாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால் பிஸ்டன் போய்விட்டது. கயிறு லேசாக வருகிறது என்கிறீர்களே, உள்ளே அழுத்தம் குறைந்திருக்கும், அதனால் எனக்குப் பிஸ்டன் மேல்தான் சந்தேகம்.

அப்படியானால் 42.5 எம்எம் பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் புது லாக் போதும். சிலிண்டருக்குள் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பூச்சு பெயர்ந்து தட்டுப்பட்டால் மட்டும் சிலிண்டரும் சேர்த்து.

ஆனால் காரணத்தைப் பிடிக்காமல் மாட்டினால் புதுசும் கீறும். ஆயில் குறைந்திருக்கலாம் (நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி), கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கலாம். அந்த ரப்பரை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அப்போதுதான் கண்ணில் படும்.

அப்புறம் பிளைவீலை (கயிறு இழுத்தால் சுற்றும் சக்கரம்) மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் (இன்ஜின் தண்டைத் தாங்கும் பேரிங்) போய்விட்டது. அதற்குமேல் செலவு வேண்டாம். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் கவாத்துக்கு மட்டும்தான் என்றால், சீசன் முடியும்வரை வாடகை மெஷினே போதும்.