கேமரா வாங்கும் முன் பத்துப் படங்கள்

அம்மா, உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி 'கெட்டுப்போய்விடுவானோ' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பையன், இன்ஜினியரிங் வேண்டாம், போட்டோகிராபிதான் என்றால் பயம் வரத்தான் செய்யும்.

பெயர்பெற்ற இந்தியப் போட்டோகிராபர் ரகு ராயும் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்தான். 1960-களில் ஒரு கிராமத்தில் கழுதைக்குட்டியைப் படமெடுக்கப் போனார். கிட்டே போனால் அது ஓடும், இவர் துரத்துவார். கடைசியில் அது களைத்து நின்றபோது எடுத்த படம் லண்டன் டைம்ஸில் வந்தது. 1984 போபால் விஷவாயுக் கொடுமையில், மண்ணுக்குள் போகும் குழந்தையின் திறந்த கண்களை எடுத்தவரும் அவர்தான். அதில் கேமரா வித்தை எதுவும் இல்லை.

உங்கள் பையனும் அப்படி ஆவான் என்று ஆசை காட்டவில்லை. எங்கே நிற்பது, எதற்காகக் காத்திருப்பது என்று தெரிவதுதான் இதில் சரக்கு. அது அவனிடம் இருக்கிறதா என்று பார்க்க போன் கேமராவே போதும். எடுத்ததில் பத்தைப் பொறுக்கி பிரிண்ட் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் அங்கே நின்றான் என்று கேளுங்கள். பத்துக்கும் 'சும்மா எடுத்தேன்' என்றால் வெறும் ஆசைதான். என்னிடம் வந்த ஒரு பையன், பாட்டி முறுக்கு பிழியும் படம் காட்டினான். கை மட்டும்தான் இருந்தது. முகம் எங்கே என்றேன். "கேமராவைப் பார்த்தா பாட்டி முகம் வெட்கப்படும் சார், கை வெட்கப்படாது" என்றான். அவனுக்கு நான் மறுபேச்சே பேசவில்லை.

அப்புறம் சோறு. நம் ஊரில் அது பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில்தான். தெரிந்த போட்டோகிராபரோடு நாலு முகூர்த்தத்துக்கு உதவியாளாக அனுப்புங்கள். விடியுமுன் போய் லைட் ஸ்டாண்டு தூக்கட்டும். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது என்பது அங்கேதான் உறைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வேலை படுத்துவிடும். ஆல்பம் டிசைனும் பாக்கி வசூலும்தான். வசூல்தான் இருப்பதிலேயே கஷ்டமான கலை.

படிப்புக்கு, தரமணி அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவுப் பட்டப்படிப்பு உண்டு, அது சினிமாவுக்கானது. விஸ்காம் எனும் விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பில் போட்டோகிராபி ஒரு பகுதிதான், ஆனாலும் வேறு கதவுகளும் திறக்கும் என்பதால் என் ஓட்டு அதற்கே. முதல் வருடம் கேமரா வேண்டாம், கல்லூரியில் இருப்பதைத் தேய்க்கட்டும். பிறகு செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம்.

அந்தப் பத்துப் படங்களோடு தம்பியை அனுப்புங்கள். அவன் அப்பாவும் கூட வரட்டும்.