நோ-கோட் ஆப்பில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஹெட்டர் காம்போனென்ட் வைப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கோட் எழுதாமல் செய்யும் ஆப்பில் ஹெட்டரை (பக்கத்தின் மேலே வரும் தலைப்புப் பட்டையை) ஒவ்வொரு பக்கத்திலும் காப்பி செய்து ஒட்டியிருக்கிறீர்கள், ஒன்றில் திருத்தினால் மற்றவை பழையபடியே நிற்கின்றன. சரி, ஒரே காம்போனென்ட் (ஒருமுறை செய்து பல இடங்களில் வைக்கும் பகுதி) ஆக்கலாம் என்றால் தலைப்பும் பட்டனும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகின்றன. எங்கே தொடங்குவது?

எடிட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்துப் பக்கங்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஹெட்டரில் என்ன மாறுகிறது என்று மட்டும் குறியுங்கள். எங்குமே மாறாதது காம்போனென்டுக்குள் நிலையாக இருக்கட்டும். மாறுவது எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். இந்த வசதிக்கு பபிள் என்ற நோ-கோட் தளத்தில் ரீயூசபிள் எலிமென்ட், அதன் ப்ராப்பர்ட்டி என்று பெயர். ஃப்ளட்டர்ஃப்ளோ என்ற இன்னொரு தளத்தில் காம்போனென்ட், பாராமீட்டர் (வெளியிலிருந்து அனுப்பும் மதிப்பு). பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வடிவம் ஓரிடத்தில், உள்ளடக்கம் அந்தந்தப் பக்கத்தில்.

பெரும்பாலான ஆப்களுக்கு நான்கு பாராமீட்டர் போதும் என்பது என் கருத்து. தலைப்பு, பின்செல்லும் பட்டன் வேண்டுமா வேண்டாமா, அதை அழுத்தினால் போக வேண்டிய பக்கம், வலது ஓரத்துச் செயல் பட்டனின் பெயர். இதற்கு மேல் 'தேடல் காட்டு', 'படம் காட்டு', 'நிறம் மாற்று' என்று ஆம்-இல்லை பாராமீட்டர்களை அடுக்கத் தொடங்கினால், எந்தப் பக்கத்தில் எது ஆனில் இருக்கிறது என்று உங்களுக்கே பிடிபடாது. அந்த நிலை வந்தால் தயங்காமல் இரண்டு ஹெட்டர் செய்யுங்கள். பட்டியல், விவரப் பக்கங்களுக்கு ஒன்று. இடப்பக்கம் 'ரத்து', வலப்பக்கம் 'சேமி' என்று வரும் படிவப் பக்கங்களுக்கு இன்னொன்று.

தலைப்பை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஆர்டர் விவரப் பக்கத்தில் 'ஆர்டர் 1042' என்று வர வேண்டும் என்றால், ஹெட்டருக்குள் உட்கார்ந்து டேட்டாபேஸில் தேடாதீர்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஆர்டரை எடுத்து வைத்திருக்கிறது; அதிலிருந்து தலைப்பை வெறும் டெக்ஸ்ட்டாக அனுப்பினால் போதும். ஹெட்டர் எல்லாப் பக்கத்திலும் வருவதால் அதற்குள் வைத்த ஒரு தேடல் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் ஓடும். வேகமும் குறையும்; பபிள் போல சர்வர் வேலையைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கும் தளங்களில் செலவும் ஏறும். இன்னொன்று, டேட்டா வந்து சேரும்வரை தலைப்பு காலியாக இருக்கும். அந்த நேரத்தில் ஹெட்டர் சுருங்கி, பிறகு விரிந்தால் கீழே உள்ளதெல்லாம் குதிக்கும். குறைந்தபட்ச உயரம் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பின்செல்லும் பட்டனில்தான் பலரும் சிக்குகிறார்கள். 'முந்தைய பக்கம்' என்ற ஆக்‌ஷனை வைத்தால், நீங்கள் உள்ளேயே சுற்றிப் பார்க்கும்போது அருமையாக வேலை செய்யும். ஆனால் பயனர் ஒரு நோட்டிஃபிகேஷனைத் தொட்டோ, யாரோ பகிர்ந்த இணைப்பிலிருந்தோ நேராக ஆர்டர் 1042-க்கு வந்தால் அவருக்கு முந்தைய பக்கமே கிடையாது. பட்டனை அழுத்துவார், ஒன்றும் நடக்காது, அல்லது ஆப்பை விட்டே வெளியே போய்விடுவார். அதனால்தான் 'போக வேண்டிய பக்கம்' என்று தனி பாராமீட்டர் சொன்னேன். விவரப் பக்கத்தின் பின்பட்டன் ஆர்டர் பட்டியலுக்குப் போகட்டும். முந்தைய பக்கம் இருக்கிறதா என்று உங்கள் தளத்தில் சோதிக்க முடிந்தால், இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் பட்டியலுக்கு என்று கண்டிஷன் போடலாம்.

ஸ்க்ரோல் செய்யும்போது ஹெட்டர் மேலேயே நிற்க வேண்டுமா? ஃப்ளட்டர்ஃப்ளோவின் ஆப்பார் (மேல்பட்டை) இயல்பாகவே தனக்கென இடம் பிடித்துக்கொள்ளும், பக்கத்தின் உள்ளடக்கம் அதன் கீழிருந்து தொடங்கும். பபிளில் ஃப்ளோட்டிங் குரூப் வைத்தால் அது உள்ளடக்கத்தின் மேல் மிதக்கும். ஹெட்டரின் உயரத்துக்குச் சமமான இடத்தைப் பக்கத்தின் மேற்பகுதியில் நீங்கள்தான் விட வேண்டும். வெப்ஃப்ளோ தளத்தில் ஸ்டிக்கி (ஸ்க்ரோல் செய்தாலும் ஒட்டி நிற்பது) என்று வைத்தும் நிற்கவில்லை என்றால், அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு பெட்டியில் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (பெட்டிக்கு வெளியே வழிவதை மறைப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

தமிழில் ஆப் செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டெம்ப்ளேட்டுகளின் ஹெட்டர் ஆங்கிலச் சொற்களின் நீளத்துக்கும் உயரத்துக்கும் அளந்தது. 'வாடிக்கையாளர் விவரங்கள்' என்று போட்டதும் இரண்டு பட்டன்களுக்கு நடுவில் சொல் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியில் முடியும். வரி உயரம் குறைவாக இருந்தால் 'கீ', 'தி' போன்ற எழுத்துகளின் மேல் சுழியும், 'கு', 'மு' போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் நறுக்கப்படும். வரி உயரத்தை எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் கூட்டுங்கள். தலைப்பு இரண்டு வரி வரை மடிய அனுமதி கொடுங்கள். உயரத்தை நிலையான எண்ணாக வைக்காமல் குறைந்தபட்சமாக மட்டும் வையுங்கள். ஐகான் சிறியதாகத் தெரிந்தாலும் அதன் தொடும் பரப்பு சிறியதாக இருக்கக் கூடாது. ஆப்பிள் 44 பாயின்ட், கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி 48 டிபி (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்) என்கின்றன.

அப்புறம், 'அட்மின்' பட்டனை மற்றவர்களுக்கு மறைக்கும் கண்டிஷன். போடுங்கள், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். பட்டன் தெரியாவிட்டாலும் பக்கத்தின் முகவரி தெரிந்தவர் நேராக உள்ளே வரலாம். அட்மின் பக்கத்திலேயே பயனரின் உரிமையைச் சோதித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். டேட்டாவையும் அதன் இடத்திலேயே பூட்ட வேண்டும். பபிளில் பிரைவசி ரூல்ஸ் (யார் எந்த டேட்டாவைப் பார்க்கலாம் என்ற விதிகள்) இதற்குத்தான் இருக்கிறது. ஹெட்டரை அழகாக அமைத்துவிட்டு இதை விட்டுவிட்டால் அடுத்தவர் டேட்டா வெளியே போகும். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய ஹெட்டர்களை ஒரே நாளில் அழிக்க வேண்டாம். மாற்றம் மிகக் குறைவான ஒரு பக்கத்தில் புதியதை வைத்து, 320 பிக்சல் அகலத்தில் பாருங்கள், ஃபோனின் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது நின்றால், மிக நீளமான தலைப்பும் அதிகப் பட்டன்களும் உள்ள பக்கத்தை அடுத்து எடுங்கள். பாராமீட்டரில் குறை இருந்தால் அந்த இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகு மீதிப் பக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.