விண்டோஸ் 11-ல் வைஸ் சிட்டி: மவுஸ் அசையவில்லை, கார் ரிவர்ஸ் எடுக்கவில்லை. ரேம் கூட்ட வேண்டுமா?

வேண்டாம். 2003-ல் பிசிக்கு வந்த இந்த கேமுக்கு 128 எம்பி ரேமே போதும். மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ கடைக்காரர் என்ன சொன்னாலும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

மவுஸ் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் செட்டிங்ஸ் ஃபைல்தான். டாக்குமென்ட்ஸில் 'ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரைத் திறந்து, பெயர் '.set' (செட்) என்று முடியும் ஃபைலை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரைக் காணோமென்றால் ஒன்டிரைவுக்குள் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) பாருங்கள், விண்டோஸ் 11 சத்தமில்லாமல் அங்கே மாற்றியிருக்கும். பக்கத்திலுள்ள சேவ் ஃபைல்களைத் தொட்டுவிடாதீர்கள், விளையாடியதெல்லாம் போய்விடும்.

ரிவர்ஸ் சிக்கல் வேறு. கார் எப்படி நகரும் என்ற கேமின் இயற்பியல் கணக்கு, விநாடிக்கு 30 ஃபிரேம் (திரையில் மாறும் படங்கள்) என்பதை நம்பி எழுதப்பட்டது. ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் ஃபிரேம் லிமிட்டரை அணைத்தால் இன்றைய லேப்டாப் நூற்றுக்கணக்கில் ஃபிரேம் தள்ளும், கார் பின்னால் போகத் திணறும். கேமின் டிஸ்ப்ளே மெனுவில் லிமிட்டரை ஆன் செய்தாலே சரியாகும். படம் கொஞ்சம் தட்டித்தட்டி ஓடும், பழகிவிடும்.

'640x480 வீடியோ மோட் இல்லை' என்று வந்தால் கேமின் பழைய பிழைகளைத் திருத்தும் 'சைலன்ட்பேட்ச்' என்ற பேட்சை இறக்கி, அதன் ஃபைல்கள் அனைத்தையும் கேமைத் தொடங்கும் எக்ஸிஇ (.exe) ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள்.