தள்ளாடாத கால்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 27. கோவையில் ஒரு கம்பெனியில் வேலை. நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா கல்லீரல் கெட்டு இறந்தார். குடிதான் காரணம். தாத்தாவும் அப்படித்தான் போனார் என்பார்கள். போன மாதம் எனக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம், 'குடிகாரக் குடும்பம்' என்று யாரோ சொன்னதில் நின்றுபோனது. நானும் சனிக்கிழமைகளில் நண்பர்களோடு குடிப்பேன். அது தெரிந்த அன்று அம்மா, "உங்கப்பன் ரத்தம்டா" என்று அழுதார். அண்ணன் இதுவரை தொட்டதே இல்லை. அவனுக்கும் அதே ரத்தம்தானே? எனக்கு ஒரே தைரியம், ஐந்து ரவுண்டு போனாலும் கால் தள்ளாடாது, நாக்கு குழறாது. மற்றவர்களை வண்டியில் கொண்டுபோய் வீட்டில் விடுவதே நான்தான். அப்படியானால் நான் அப்பா மாதிரி இல்லை என்றுதானே அர்த்தம்? குடி மரபணுவில் இருக்கிறதா? இருந்தால் முயற்சி செய்து என்ன பயன்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள். கால் தள்ளாடாவிட்டாலும் பிரேக்கை மிதிக்க வேண்டிய மூளை மந்தமாகத்தான் இருக்கும். இனி அவர்களை யாராவது ஆட்டோவில் அனுப்பட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அந்தத் தைரியத்தைப் பற்றியதுதான். என் தாய்மாமா திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டு வருவார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றி, குண்டு பல்பு வெளிச்சத்தில் பிடித்து, நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக் கோத்துக் காட்டுவார். ஒரே தடவையில் போகும். "பாத்தியா, கை நடுங்குதா? நானா குடிகாரன்?" என்பார். பிள்ளைகள் நாங்கள் கைதட்டியிருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

அமெரிக்காவின் சான் டியேகோவில் மார்க் ஷூகிட் என்ற மனநல மருத்துவர், குடிநோயாளிகளின் மகன்களையும் மற்ற இளைஞர்களையும் இருபது வயதையொட்டி அழைத்து, அளந்து மது கொடுத்துப் பார்த்தார். நிற்கும்போது உடம்பு எவ்வளவு ஆடுகிறது, போதை எவ்வளவு ஏறியதாக அவர்களே உணர்கிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். குடிநோயாளிகளின் மகன்களில் 40 சதவீதம் பேருக்கு மது குறைவாகவே ஏறியது. மற்றவர்களில் அப்படிப்பட்டவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. சுமார் பத்தாண்டு கழித்து அதே ஆட்களைத் தேடிப்போய்ப் பார்த்து, 1994ல் முடிவை வெளியிட்டார். அந்த மகன்களில், குறைவாக ஏறியவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகள் ஆகியிருந்தார்கள். சீக்கிரம் போதை ஏறியவர்களில் 14 சதவீதம்தான்.

நம் ஊரில் இதைக் 'கெப்பாசிட்டி' என்று பாராட்டுவார்கள். உடம்பு அடிக்கிற எச்சரிக்கை மணி உங்களுக்கு மெதுவாகக் கேட்கிறது, விஷயம் அவ்வளவுதான். இரண்டாவது ரவுண்டில் நண்பனுக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறது, அவன் நிறுத்திக்கொள்கிறான். நிறுத்தச் சொல்ல உங்கள் உடம்பில் ஒன்றுமில்லை. அதே கிறக்கத்துக்கு நீங்கள் இன்னும் ஊற்ற வேண்டும். கால் தள்ளாடவில்லை என்பதற்காகக் கல்லீரல் சலுகை தராது. உங்கள் அப்பாவும் இளவயதில் தள்ளாடாதவராகத்தான் இருந்தாரா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, ரத்தத்துக்கு வருவோம். டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் குழுவினர் 1973ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிறந்து ஆறு வாரத்துக்குள் குடிநோயாளிப் பெற்றோரிடமிருந்து பிரிந்து, வேறு வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த 55 ஆண்களைப் பார்த்தார்கள். பெற்றவரின் குடியை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் 18 சதவீதம் பேர் குடிநோயாளிகள். சாதாரணப் பெற்றோருக்குப் பிறந்து தத்துப்போனவர்களில் அது 5 சதவீதம். ஆக, உங்கள் அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த 18 போக மீதி 82ஐயும் பாருங்கள். சம்பந்தத்தை நிறுத்தியவர்கள் அதைப் பார்க்கவில்லை. இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி என்று வருகிறது. உங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று இதைப் படித்துவிடாதீர்கள். ஓர் ஊரில் ஒருவர் குடிநோயாளி ஆவதற்கும் இன்னொருவர் ஆகாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை மரபால் விளக்கலாம், அவ்வளவுதான்.

குடிக்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 1990ல் டோபமைன் (மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம்) ஏற்பி மரபணு ஒன்றைக் 'குடி மரபணு' என்று கொண்டாடினார்கள், அடுத்தடுத்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. மதுவை உடம்பு எப்படி உடைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது, பதற்றம் எவ்வளவு, யோசிக்காமல் பாய்கிற குணம் எவ்வளவு என்று துண்டு துண்டாகத்தான் மரபு வந்து சேர்கிறது. இதில் ஜப்பான் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே சுமார் 40 சதவீதம் பேருக்கு, மது உடையும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைடை அகற்றும் நொதி சரியாக வேலை செய்யாது. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். (குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையும் அதே நொதியைத்தான் தடுக்கிறது. நம் வீடுகளில் அதைக் குழம்பில் கலந்து ரகசியமாகக் கொடுக்கிறார்கள். உயிருக்கே ஆபத்து, செய்யாதீர்கள்.) ஜப்பானியர்களின் அந்த நொதிக் குறை இயற்கையே போட்ட பூட்டு. பூட்டின் ஒரு பாதியை மட்டும், அதாவது அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறையைப் பெற்றவர்கள் 1979ல் அங்கே சிகிச்சைக்கு வந்த குடிநோயாளிகளில் 2.5 சதவீதம். 1992ல் அது 13 சதவீதம் ஆகிவிட்டது. பதின்மூன்று ஆண்டில் மரபணுவா மாறும்? வேலை முடிந்ததும் எல்லாரோடும் உட்கார்ந்து குடித்தாக வேண்டும் என்ற பழக்கம் பூட்டை உடைத்துவிட்டது. ஊர் நினைத்தால் நல்ல மரபணுவையே தோற்கடிக்கலாம் என்றால், உங்களுடையதை நல்ல பக்கம் ஏன் திருப்ப முடியாது?

அப்புறம் உங்கள் அண்ணன். கேம்பிரிட்ஜில் கேரன் எர்ஷெ குழுவினர் 2012ல் 50 உடன்பிறப்பு ஜோடிகளின் மூளையைப் படமெடுத்தார்கள். ஜோடியில் ஒருவர் கொக்கெய்ன் போன்ற போதைக்கு அடிமை, மற்றவர் இல்லை. ஆனால் தன்னைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் இருவருக்கும் ஒரே மாதிரி கோளாறு. 'நிறுத்து' என்று சைகை வந்ததும் கையை நிறுத்த வேண்டிய சோதனையில் இருவருமே திணறினார்கள். அதே பலவீனத்தோடுதான் ஒருவர் போதை இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். உங்கள் அண்ணனுக்கு வேறு ரத்தம் கிடைத்துவிடவில்லை, தம்பி. அவர் தினமும் ஏதோ செய்துகொண்டிருக்கிறார். அது என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

என் மாமாவுக்குச் சில வருடத்தில் காலையில்தான் கை நடுங்கியது. நூல் கோக்க அத்தையைக் கூப்பிடுவார். ஒரு கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. தினமும் குடிப்பவர்கள் மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நல்லவேளை, மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்தார். அதன்பின் பதினோரு வருடம் அவர் தொடவில்லை. என் கல்யாண ரவிக்கையை அவர்தான் தைத்தார். கண்ணாடி போட்டும் மூன்றாவது தடவைதான் ஊசியில் நூல் போனது.

நீங்கள் இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை. வாரம் ஒருமுறை என்பது உண்மையானால் உங்களால் இப்போதே நிறுத்த முடியும், நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். 'அளவோடு' என்பது அந்த எச்சரிக்கை மணி கேட்கிறவர்களுக்கான வழி. முயன்றும் முடியவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள்.

இந்தச் சனிக்கிழமை அண்ணனிடம் போங்கள். அப்பாவைப் பற்றி நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதே இல்லை என்று நினைக்கிறேன். எப்படி இத்தனை வருடம் தொடாமல் இருந்தாய் என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா