வெளியே திரிஞ்ச வயசான பூனை வீட்டுக்குள்ள அடங்குமா? கேள்வி பதில்

பெரம்பூரிலிருந்து: அக்கா, எங்க தெருவுலயே வளர்ந்த பெண் பூனை. வயசு பத்துக்கு மேல இருக்கும். கண்ணு மங்கிப்போச்சு, மதில் ஏற முடியல. உள்ள வெச்சா ராத்திரியெல்லாம் கதவைப் பிராண்டிக் கத்துது. பழையபடி வெளியவே விட்டுடட்டுமா?

விடாதீங்கம்மா, கண்ணு தெரியாம வண்டியில அடிபட்டுடும். முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. கிழட்டுப் பூனை ராத்திரி கத்தினா வெளிய போற ஏக்கம்னு நாமளே முடிவு பண்ணிடறோம். தைராய்டு கூடினாலும் கத்தும், ரத்த அழுத்தம் ஏறினாலும் கத்தும், காது மந்தமானாலும் கத்தும். கண்ணு மங்கினதுக்கே ரத்த அழுத்தம் காரணமா இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே? ரத்தம், சிறுநீர், பிரஷர் மூணையும் பார்க்கச் சொல்லுங்க.

உடம்புல கோளாறு இல்லைன்னா ஒரே ஒரு ரூம்ல ஆரம்பிங்க. அது படுத்திருந்த சாக்கைத் துவைக்காம அப்படியே கொண்டுவந்து போடுங்க, அந்த வாசனைதான் அதுக்கு வீடு. ராத்திரி கயிறு ஆட்டிக் கொஞ்சம் விளையாட்டு காட்டி, படுக்கறதுக்கு முன்னாடி வயிறு நிறைய சாப்பாடு போடுங்க. கத்துதேன்னு ஒரு நாள் கதவைத் திறந்துட்டீங்கன்னா, கத்தினா திறப்பாங்கன்னு பிடிச்சு வெச்சுக்கும்.

வேளச்சேரியிலிருந்து: பூனை மலஜலம் கழிக்கற தொட்டியில போட, லிட்டர்னு (litter) கடையில விக்கற மண்ணை விலை கொடுத்து வாங்கி வெச்சேன். அதைத் தொடாம பாத்ரூம் மூலையில போகுது.

அதுக்குப் பழக்கம் கட்டட வேலை நடக்கற இடத்து மணல். கடை லிட்டர் கால்ல பட்டாலே விலகிடும். அது வழக்கமா போற இடத்து மண்ணையே சலிச்சு நிரப்புங்க. போக ஆரம்பிச்சதும் தினம் ஒரு கைப்பிடி லிட்டர் கலந்துட்டே வாங்க. அவசரப்பட்டா திரும்பவும் மூலைக்கே போகும்.

தொட்டி உயரத்தையும் பாருங்க. மூட்டு வலி இருக்கற பூனை விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்காது. பிளாஸ்டிக் டப்புல ஒரு பக்கத்தை மட்டும் மூணு விரல் உயரம் விட்டு வெட்டி, வெட்டின ஓரத்துல துணி டேப் ஒட்டுங்க, இல்லைன்னா வயித்துல கிழிக்கும். அந்த மூலையை ஃபினாயில் போட்டுக் கழுவாதீங்க. பாதத்துல ஒட்டினதை அது நக்கும், ஃபினாயில் பூனைக்கு விஷம். சோப்புத் தண்ணி போதும்.

இது எல்லாருக்கும்: ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து சிறுநீர் வரலைன்னா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. மறுநாள்வரை தாங்காம போகலாம்.

திருவான்மியூரிலிருந்து: பால் சோறு மட்டும் கொடுத்தா போதுமா?

போதாது சார். பெரிய பூனைங்களுக்குப் பால் பெரும்பாலும் பேதிதான். உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாம வேகவெச்ச மீனோ கோழியோ முள், எலும்பு எடுத்துட்டுக் கொடுக்கலாம். ஆனா அன்றாடச் சாப்பாடு பூனைத் தீனியா இருக்கணும். இடம் மாறின கோபத்துல பட்டினி கிடந்தா ரெண்டாம் நாளே டாக்டர்கிட்ட போங்க. ஈரல் கெட்டுடும்.

மயிலாப்பூரிலிருந்து: ஆயுசு பூரா சுதந்திரமா திரிஞ்ச ஜீவனை அடைச்சு வைக்கறது பாவம் இல்லையா?

மாமி, அடிபட்டுக் கிடக்கறதைப் பார்க்கறதுதான் எனக்குப் பாவமாத் தெரியறது. அதுக்கு வேண்டியது வெயில், காத்து, வேடிக்கை. ஜன்னலோரமா ஒரு முக்காலி, ஏற வசதியா கீழே ஒரு மணை போடுங்கோ. பால்கனியில புறாவுக்குக் கட்டற நைலான் வலையை நம்பாதீங்கோ, கடிச்சு வழி பண்ணிடும். கம்பி வலைதான் சரி. கத்திரி வெயில்ல மட்டும் மத்தியானம் அங்க விட வேண்டாம். தொட்டியில கோதுமை முளைக்கப் போட்டா புல்லை மேயும். லில்லிச் செடி வீட்டுக்குள்ளயே வரக்கூடாது, சிறுநீரகத்தை அழிச்சிடும்.

அம்பத்தூரிலிருந்து: உண்ணி இருக்கு. நாய்க்கு வாங்கின சொட்டு மருந்து மீதி இருக்கே? உடம்பும் சுடுது, அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

ரெண்டுமே கூடாது தம்பி. நாய் மருந்து பலதுல பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு வலிப்பு வந்துடும். பாராசிட்டமால் அரை மாத்திரையே உயிரை எடுக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தீங்கன்னா பதில் எழுதிட்டு இருக்காம, மாத்திரை அட்டையையும் எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்புங்க.