எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கணவர், பள்ளிக்குப் போகும் மகள், மாமியாருடன் இருக்கிறேன். கூடவே முத்து, நாங்கள் தத்தெடுத்த ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’, அதாவது உள்ளூர்க் கலப்பின நாய். காலையும் மாலையும் அவனை நடக்கக் கூட்டிப் போவது என் வேலை. எனக்கென்று கிடைக்கும் நேரமும் அதுதான்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, தங்கையும் தன் நாயோடு வந்திருந்தாள். எல்லோருமாக ஹில்வியூ பக்கம், இப்போது நடைபாதையாகிவிட்ட பழைய ரயில் பாதைக்குப் போனோம். அக்டோபரில் மதியமானால் இடி மழை என்பதால் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட்டோம். வழியில் ஓர் உடும்பைப் பார்த்து மகளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் சற்றுத் தூரத்தில் புதரிலிருந்து காட்டுப்பன்றி ஒன்று வெளியே வந்தது, பின்னாலேயே உடம்பெல்லாம் கோடு போட்ட குட்டிகள். இரண்டு நாய்களும் குரைத்துக்கொண்டு பாய்ந்தன. பன்றி தலையைத் தாழ்த்தி எங்களை நோக்கி நாலு எட்டு வைத்தது. முத்துவின் வார் என் மணிக்கட்டில் சுற்றி இறுகிவிட்டது. அலறிவிட்டேன். தங்கை என்னைப் பின்னால் இழுத்தாள். பன்றி குட்டிகளோடு காட்டுக்குள் போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கணவர் அதை வீடியோ எடுத்திருந்தார். அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். தீபாவளிக்கு வந்தவர்களெல்லாம் என் அலறலைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார்கள். “ஒரு பன்றிக்கா இந்தக் கூத்து?” என்கிறார் மாமியார். நவம்பர் பிறந்தும் புதர் அசைந்தால் கை நடுங்குகிறது. இரவில் திடுக்கிட்டு விழிக்கிறேன். இப்போது கணவர்தான் முத்துவை அவசரமாகக் கீழே கூட்டிப் போய் வருகிறார். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். நான் என்ன செய்ய?

புக்கிட் பாஞ்சாங் வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அன்று நீங்கள் பயந்தது சரியான பயம். காட்டுப்பன்றி பெரும்பாலும் ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ஆனால் குட்டிகளோடு இருக்கும் தாய், குரைத்துப் பாயும் நாயைக் கண்டால் எதிர்த்து வரும். உங்கள் உடம்பு ஆபத்தைப் புரிந்துகொண்டுதான் அலறியது.

இப்படி ஓர் அதிர்ச்சிக்குப் பிறகு, நடந்ததைக் காது கொடுத்துக் கேட்கிறவர்களிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் உடம்பு அடங்கிவிடும். உங்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. நீங்கள் சொல்ல வாய் திறக்கும் முன் வீடியோ ஓடியது. அது ஓடும்போதெல்லாம் உங்கள் அலறலை நீங்களே மறுபடி கேட்கிறீர்கள். பயம் அடங்காமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் வேலை கணவரிடம் பேசுவது. மகள் தூங்கிய பிறகு உட்கார வைத்துச் சொல்லுங்கள்: “அந்த வீடியோவை இனி யாருக்கும் காட்டாதீர்கள். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன், நடுவில் பேசாமல் கேளுங்கள்.” அவர் அக்கறையில்லாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் முத்துவைக் கீழே கூட்டிப் போகிறாரே. தன் பயத்தைச் சிரிப்பில் கடத்தியிருக்கலாம், அவரிடமே கேளுங்கள். மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், அதைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது நடை. வெளியே போகாத ஒவ்வொரு நாளும் மனசுக்கு நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதியே வெளியே ஆபத்து என்று மூளைக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. பயம் போனதும் போகலாம் என்று காத்திருந்தால் அது போகாது. கொஞ்சம் பயத்தோடேயே தொடங்குங்கள். முதலில் புளோக்குக்குக் கீழே, கணவர் பக்கத்தில் நடக்க, வார் உங்கள் கையில். நெஞ்சு படபடத்தால் உடனே வீட்டுக்குத் திரும்பாமல், படபடப்பு இறங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். அது பழகியதும் பூங்கா இணைப்புப் பாதை. கடைசியில், தங்கையோடு அதே ரயில் பாதை. காட்டுப்பன்றிகள் அந்தியிலும் விடியலிலும் அதிகம் நடமாடுவதால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள்.

வாரைக் குட்டையாகப் பிடியுங்கள், மணிக்கட்டில் சுற்ற வேண்டாம். மறுபடி பன்றி எதிர்ப்பட்டால் ஓடாமல், கத்தாமல், முத்துவை உங்களோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டிகளோடு நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்தாலும் இதேதான். விலங்கு போக வழி விடுவது ரொம்ப முக்கியம். பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தால் பாதி நடுக்கம் குறையும். உங்கள் கையின் இறுக்கம் வார் வழியாக முத்துவுக்கும் தெரியும், அவனும் அன்று மிரண்டவன்தான்.

நாயைக் கொடுக்கும் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பயத்தில் இருக்கும்போது, திரும்பப் பெற முடியாத முடிவு எதுவும் வேண்டாம். முத்துவோடு உங்களுக்கென்று இருந்த அந்த நேரமும் போய்விடும், அது எனக்குக் கவலையாக இருக்கிறது. மகள் கேட்டால் மறைக்காதீர்கள். “அம்மா பயந்துவிட்டேன், இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்” என்று சொன்னால் போதும்.

சம்பவம் நடந்து ஒரு மாதம் தாண்டியும் திடுக்கிடலும் தூக்கமின்மையும் குறையவில்லை என்றால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவரே மனநல ஆலோசனைக்கு அனுப்பிவைப்பார். போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.