12 வோல்ற் ரெகுலேற்றர்: பின்னேரம் இரைகிறது, றான்ஸ்போமரை மாற்றினால் சுட்டு நிற்கிறது

கேள்வி: கொக்குவிலில் எங்கள் வீட்டில் பழைய கார் செற் ஒன்றை மெயின் கறண்டில் பாடவைக்க 7812 ரெகுலேற்றர் (12 வோல்ற்றை நிலையாகத் தரும் ஐசி) போட்டு ஒரு பவர் சப்ளை செய்தேன். 12 வோல்ற் 2 அம்பியர் றான்ஸ்போமர், நாலு டயோட், 4700 மைக்ரோபரட் கப்பாசிற்றர். பகலில் சரி. பின்னேரம் 7 மணிக்குப் பிறகு ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைகிறது. அந்த நேரம் வீட்டுக் கறண்ட் 195 வோல்ற் அளவில்தான் நிற்கிறது. கடையில் சொன்னபடி 18 வோல்ற் றான்ஸ்போமருக்கு மாறினேன். இரைச்சல் போய்விட்டது, ஆனால் அரை மணித்தியாலத்தில் செற் நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் திரும்பப் பாடுகிறது. ரெகுலேற்றரை மாற்றியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ரெகுலேற்றரில் பிழை இல்லை. முதல் தடவை அதற்குள் போன வோல்ற் போதவில்லை. இரண்டாம் தடவை மிஞ்சிவிட்டது. 7812 தன் உள்வரவில் மிச்சமாக வருவதைச் சூடாக எரித்துத்தான் 12 வோல்ற்றைத் தருகிறது. 1 அம்பியர் இழுக்கும்போது அதற்கு வெளியீட்டை விட ஏறத்தாழ 2 வோல்ற் கூடுதலாக வேண்டும். ஆகவே உள்வரவு ஒரு கணமும் 14.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கக்கூடாது, அதற்கு மேலே தேவையில்லாமல் ஏறவும் கூடாது. வடிவமைப்பு என்பது இந்த இடைவெளியை அமைப்பதுதான்.

'ஒரு கணமும்' என்பதைக் கவனியுங்கள். கப்பாசிற்றரில் இருப்பது நேர்கோடான டிசி அல்ல. செக்கனுக்கு 100 தடவை நிறைந்து, இடையில் வடிகிறது. எவ்வளவு வடியும் என்பதற்குக் கணக்கு இலகு: அம்பியரை 0.01 செக்கனால் பெருக்கி, கப்பாசிற்றரின் அளவால் (பரட்டில்; 4700 மைக்ரோபரட் என்றால் 0.0047) பிரியுங்கள். 1 அம்பியருக்கு 4700 மைக்ரோபரட்டில் 2.1 வோல்ற், அரை அம்பியருக்கு 1 வோல்ற்.

இப்போது உங்கள் முதல் சுற்று. 12 வோல்ற் ஏசியின் உச்சம் 17. நாலு டயோட் சேர்ந்த பிரிட்ஜில் எப்போதும் இரண்டு டயோட் வரிசையில் இருப்பதால் 2 வோல்ற் போய்விடும், மிச்சம் 15. சத்தத்தைக் குறைத்து வைத்து அரை அம்பியர் இழுத்தால் அடிமட்டம், அதாவது வடிந்து இறங்கும் மிகக் குறைந்த அளவு, 14. பகலில் மட்டுமட்டாகத் தப்பியிருக்கிறது. மெயின் 195க்கு விழுந்ததும் அதே அடிமட்டம் 11.4 ஆகிறது. 12 வோல்ற் கொடுக்க வேண்டிய ஐசிக்கு 11.4 வந்தால் அது என்ன செய்யும்? வந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே வெளியே விட்டுவிடும். நீங்கள் கேட்டது அந்த 100 ஹேர்ட்ஸ்.

18 வோல்ற்றில் உச்சம் 25.5, டயோட்டும் வடிதலில் பாதியும் கழித்தால் சராசரி 22.5. அதிலிருந்து 12ஐக் கழித்து 1 அம்பியரால் பெருக்கினால் 10.5 வாற். செற்றுக்குப் போவது 12 வாற், ஐசியில் எரிவது 10.5 வாற்! தீப்பெட்டி அளவு அலுமினியத் துண்டில் இது நிற்காது. உள்ளே 150 பாகை செல்சியஸை நெருங்கும்போது 7812 தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆறியதும் திரும்பப் பாடுவது அதனால்தான்.

இலங்கையில் மெயின் 230 வோல்ற். 6 வீதம் கூடக் குறைய என்றால் 216 முதல் 244 வரை. உங்கள் வீட்டில் 195 காட்டுவதால் கீழ் எல்லையை 190 என்றும் மேல் எல்லையை 244 என்றும் எடுப்போம். அடிமட்டத்தை 190இல் பார்க்க வேண்டும், சூட்டை 244இல் பார்க்க வேண்டும். பலர் இரண்டையும் 230இல் போட்டுப் பார்த்துவிட்டு விடுகிறார்கள். பிறகு பின்னேரம் இரைகிறது, விடியப்புறம் சுடுகிறது.

நான் சொல்வது 15-0-15 வோல்ற் 2 அம்பியர் றான்ஸ்போமர். பிரிட்ஜ் வேண்டாம். இரண்டு ஓர வயர்களிலும் ஒவ்வொரு 1என்5402 டயோட், கோடு போட்ட முனைகள் இரண்டையும் ஒன்றாக இணைத்துக் கப்பாசிற்றரின் பிளசுக்கு. நடு வயர் மைனசுக்கு. இந்த முறையில் ஒரு டயோட்டின் 1 வோல்ற் மட்டுமே போகும். மெயின் குறைவான வீட்டில் அந்த மிச்சமாகும் 1 வோல்ற் பெரிய காரியம். கப்பாசிற்றருக்கு 3300 மைக்ரோபரட் இரண்டைப் பக்கம் பக்கமாகப் போடுங்கள், வடிதல் 1.5 வோல்ற். 190இல் உச்சம் 17.5, டயோட்டுக்கு 1, வடிதலுக்கு 1.5 போக அடிமட்டம் 15. போதும்.

கப்பாசிற்றர் 35 வோல்ற் உடையதாக இருக்க வேண்டும். 25 வோல்ற் போதும் என்று தோன்றும், போதாது. செற்றை நிறுத்திவிட்டு சப்ளையை மட்டும் விட்டு வைத்தால் சுமை இல்லாத றான்ஸ்போமர் 15க்குப் பதிலாக 17 வோல்ற் வரை தரும். மெயினும் 244 ஆக இருந்தால் கப்பாசிற்றரில் 25ஐ எட்டிவிடும். தலை வீங்கிப்போன கப்பாசிற்றர்கள் பலவற்றுக்குக் காரணம் இது.

சூடு: 244இல் சராசரி உள்வரவு 20.7, ஆகவே 8.7 வாற். உள்ளே 110 பாகையோடு நிறுத்த வேண்டும், வெளிக்காற்று 35 என்று வையுங்கள். 75ஐ 8.7ஆல் பிரித்தால் வாற்றுக்கு 8.6 பாகை. ஐசிக்குள்ளேயே 5 போய்விடும், சூடு கடத்தும் பேஸ்ற் பூசிய இணைப்புக்கு 0.5. ஹீற்சிங்குக்கு மிஞ்சுவது 3 பாகை. அதாவது உள்ளங்கையை விடப் பெரிய, செட்டைகள் உள்ள அலுமினியம், செட்டைகள் நிலைக்குத்தாக நிற்க, பெட்டிக்கு வெளியே. யாழ்ப்பாணத்து சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் காற்றே 45 பாகைக்கு ஏறும்; உள்ளே வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. 7812இன் முதுகுத் தகடு மைனசோடு சேர்ந்தது என்பதால் மைக்கா (கறண்ட் கடத்தாத தகடு) தேவையில்லை.

இனி வயரிங். எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் இரைகிறது என்றால் பத்தில் ஒன்பது இங்கேதான் பிழை. கப்பாசிற்றர் நிறைவது உச்சத்தில் ஒரு சிறு துளி நேரத்தில். 10 மில்லிசெக்கனுக்குரிய கறண்டை அந்தத் துளி நேரத்தில் இழுப்பதால் அது 5 அம்பியர் அளவுத் துடிப்பாக வரும். 20 சென்ரிமீற்றர் மெல்லிய வயரும் இரண்டு ஈய ஒட்டும் சேர்ந்தால் 20 மில்லிஓம். 5 அம்பியர் அதில் ஓடினால் 0.1 வோல்ற். றான்ஸ்போமரின் நடு வயர் வந்து சேரும் துண்டிலிருந்து செற்றின் மைனசை எடுத்தால் அந்த 0.1 வோல்ற்றும் 12 வோல்ற்றோடு கூடிக்கொண்டு செற்றுக்குள் போகும். ரெகுலேற்றரால் அதை நீக்க முடியாது, ஏனெனில் அது பார்ப்பது தன் நடுக்காலை மட்டும். ஆகவே நடு வயர் முதலில் கப்பாசிற்றரின் மைனஸ் காலுக்கு நேரே போகட்டும். அந்தக் காலிலிருந்து தனி வயர் 7812இன் நடுக்காலுக்கு. அந்த நடுக்காலிலிருந்து செற்றின் மைனசுக்கு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடது உள்வரவு, நடு மைனஸ், வலது வெளியீடு. இடக்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில் 0.33, வலக்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில் 0.1 மைக்ரோபரட், கால்களோடு ஒட்டியே. தள்ளி வைத்தால் ஐசி தானாக அலைவெழுப்பி, காரணம் தெரியாமல் சுடும். வெளியீட்டில் 470 மைக்ரோபரட் ஒன்றும் போடலாம். போட்டால் ஒரு 1என்4007ஐ, கோடு உள்வரவுப் பக்கம் இருக்க, வெளியீட்டிலிருந்து உள்வரவுக்கு இணையுங்கள். உள்வரவு திடீரென விழுந்தால் வெளியீட்டுக் கப்பாசிற்றர் பின்வழியாக ஐசியைத் தாக்காமல் அது காக்கும்.

மெயின் பக்கம் 315 மில்லிஅம்பியர் மெதுவாக உருகும் பியூஸ், இரும்புப் பெட்டி என்றால் கட்டாயம் எர்த்.

சோதிப்பதைப் பின்னேரம், சத்தத்தைக் கூட்டி வைத்துச் செய்யுங்கள். பெரிய கப்பாசிற்றரின் இரு முனையில் மீற்றரை டிசியில் வைத்து ஒரு அளவு, ஏசியில் வைத்து ஒரு அளவு. ஏசி அளவை 1.7ஆல் பெருக்கி டிசியிலிருந்து கழித்தால் அடிமட்டம் வரும். உதாரணமாக டிசி 16, ஏசி 0.4 என்றால் அடிமட்டம் 15.3. விலை குறைந்த சில மீற்றர்கள் ஏசியில் டிசியையும் சேர்த்துக் காட்டும். முதலில் 9 வோல்ற் பற்றரியில் ஏசி வைத்து, வயரை மாற்றிப் பிடித்தும் பாருங்கள். இரண்டு தடவையும் பூச்சியம் காட்டாத மீற்றர் இந்த வேலைக்கு உதவாது.

செற் 1 அம்பியருக்கு மேல் இழுத்தால் 7812ஐ விட்டுவிட்டு 3 அம்பியர் எல்எம்350 ரெகுலேற்றருக்குப் போங்கள். வெளியீட்டிலிருந்து சரிசெய் காலுக்கு 120 ஓம், அங்கிருந்து மைனசுக்கு 1 கிலோஓம் வைத்தால் 11.7 வோல்ற் வரும். கார் செற்றுக்கு அது தாராளம். றான்ஸ்போமர், கப்பாசிற்றர், ஹீற்சிங் எல்லாம் அதே விகிதத்தில் பெருக வேண்டும். இதன் தகடு வெளியீட்டோடு சேர்ந்தது, ஆகவே இங்கே மைக்காவும் பிளாஸ்ரிக் வளையமும் இல்லாமல் பெட்டியில் பூட்ட வேண்டாம்.